யாருடைய மலை, யாருடைய காற்று: ஹாங்காங்கில் ஃபெங் சுயி

1899 ஏப்ரல் தொடக்கத்தில், ஹாங்காங்கின் தை போ என்ற ஊரில் ஒரு சிறு குன்றின்மேல் பிரிட்டிஷ் காவல்துறை பாயும் மூங்கிலும் கொண்டு ஒரு கொட்டகை போட்டது. முந்தைய ஆண்டு சீனப் பேரரசிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த ‘நியூ டெரிட்டரீஸ்’ நிலப்பகுதியைப் பொறுப்பேற்கும் கொடியேற்றம் அங்கே நடப்பதாக இருந்தது. ஊர்க்காரர்கள் திரண்டு வந்து ஆட்சேபித்தார்கள். அந்தக் குன்றில் கட்டடம் எழுந்தால் ஊரின் ஃபெங் சுயி கெட்டுவிடும் என்றார்கள். பேச்சு முற்றியது, கொட்டகை எரிந்தது. அதே மாதத்தில் கிராமப் படைகளுக்கும் பிரிட்டிஷ் துருப்புகளுக்கும் மூண்ட சண்டைக்கு ‘ஆறு நாள் போர்’ என்று பெயர். பீரங்கி வைத்திருந்த பக்கம் வென்றது.

கொட்டகைதான் போருக்குக் காரணம் என்று சொன்னால் அது வரலாறாகாது. நிலவரி ஏறும், நிலவுரிமை பறிபோகும் என்ற அச்சங்கள் அடியில் இருந்தன. என்றாலும் அந்த மக்கள் தங்கள் மறுப்பைச் சொல்ல எடுத்துக்கொண்ட வழக்குமொழி கவனிக்கத்தக்கது. வரியைப் பற்றிப் பேசினால் அரசின் அதிகாரத்தை மறுத்ததாகும். மலையைப் பற்றிப் பேசினால் அது ஊரார் எல்லோருடைய உடைமையைப் பற்றிய பேச்சு. ஃபெங் சுயியைக் கட்டில் எந்தப் பக்கம், கண்ணாடி எந்தச் சுவரில் என்று கேட்கும் அலங்காரக் கலையாகவே இன்று நாம் அறிந்திருக்கிறோம். ஹாங்காங்கின் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளைப் புரட்டினால் அது வேறு வேலையும் செய்து வந்திருப்பது தெரியும். மலை, நீர், காற்று ஆகிய பொதுப் பொருள்களில் ஒருவர் கைவைக்கும்போது மற்றவர் தட்டிக்கேட்பதற்கான வாதமாக அது இருந்திருக்கிறது. அடுக்குமாடி வீட்டுக்குள் நுழைந்தபோது அது இழந்தது இந்தப் பகுதியைத்தான் என்பது என் கட்சி.

முதலில் அடிப்படைகள். பெயரில் இருப்பவை காற்றும் நீரும். நிலத்திலும் வானத்திலும் ஓடும் ‘ச்சி’ என்ற உயிர்விசையைக் காற்று கலைத்துவிடும், நீர் தடுத்து நிறுத்தும் என்பது கோட்பாடு. இதைச் சொல்லும் மூலநூல் நான்காம் நூற்றாண்டின் குவோ பூ பெயரில் வழங்குகிறது. அவர் எழுதியதுதானா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. அந்த நூலின் பொருள் வீடல்ல, கல்லறை. முன்னோரின் எலும்பு நல்ல இடத்தில் கிடந்தால் வழித்தோன்றல்கள் செழிப்பார்கள் என்ற நம்பிக்கையிலிருந்து வளர்ந்த கலை இது. இறந்தவர் குடியிருப்புக்கு இருந்த விதிகள் உயிரோடு இருப்பவர் குடியிருப்புக்கும் ஆகின.

நல்ல இடம் எப்படி இருக்கும்? கைவைத்த சாய்வு நாற்காலியை நினைத்துக்கொண்டால் போதும். முதுகுக்குப் பின்னே உயர்ந்த மலை கரிய ஆமை. இடக்கைப் பக்கம் நீளும் குன்று பச்சை டிராகன், வலக்கைப் பக்கம் சற்றே தாழ்ந்தது வெண்புலி. முன்னே தூரத்தில் சிறு மேடு செம்பறவை. நடுவே திறந்த வெளி, அதில் வளைந்து நிதானமாக ஓடும் நீர். நேராகப் பாயும் ஆறும் வீட்டை நோக்கிக் குத்தலாக வரும் சாலையும் ஆகாதவை. இப்படி நிலத்தின் வடிவத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்பவர்கள் ஒரு மரபு. லோபான் என்ற வட்டத் திசைகாட்டியை வைத்துக்கொண்டு, 15 பாகை வீதம் 24 திசைப் பிரிவுகளாகப் பகுத்துக் கணக்குப் போடுபவர்கள் இன்னொரு மரபு. நடைமுறையில் பெரும்பாலோர் இரண்டையும் கலந்தே பார்க்கிறார்கள்.

தெற்குப் பார்த்த வாசல்தான் இதில் முதல்தரம். வடசீனத்தில் குளிர்காலக் காற்று சைபீரியாப் பக்கமிருந்து அடிக்கிறது. வடக்கே மலை மறைத்து, தெற்கே வெயில் விழுந்தால் வீடு பிழைக்கும். நம் மனையடி சாஸ்திரக்காரர்களுக்கோ தெற்கு எமனின் திசை. தென்றலைக் கொண்டாடும் நாட்டில் தெற்கு வாசல் மனைக்கு விலை குறைவாகக் கேட்பார்கள். திசைகள் எங்கும் ஒரே பலன் தருபவை என்றால் இந்த இரண்டு சாஸ்திரங்களில் ஒன்று பொய்யாக வேண்டும். இரண்டும் அந்தந்த மண்ணின் பழக்கங்கள் என்று எடுத்துக்கொண்டால் சண்டையே இல்லை.

இந்தக் கோட்பாடு நிலத்தில் இறங்கி வேலை செய்த விதத்தைப் பார்க்க ஹாங்காங்கின் வடகிழக்கு மூலைக்குப் போகவேண்டும். அங்கே லாய் சீ வோ என்ற ஹக்கா மக்களின் கிராமம், ஏறத்தாழ 300 ஆண்டுப் பழமையானது. 200க்கும் மேற்பட்ட வீடுகள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. முன்னால் ஆலமரங்கள் நிழல்விரிக்கும் விரிந்த முற்றம், கோயில், அதற்கப்பால் வயல், அலையாத்திக் காடு, கடல். பின்னால் பிறை வடிவில் ஊரை அணைத்தபடி ஓர் அடர்ந்த காடு. ஒரு காலத்தில் வறுமைப்பட்டுக் கிடந்த ஊர் இது என்றும், ஃபெங் சுயி வல்லுநர் ஒருவரின் சொற்படி மதில்கள் எழுப்பிப் பின்காட்டை வளர்த்தபிறகே நிமிர்ந்தது என்றும் ஊரார் சொல்வார்கள். அந்தக் காட்டில் ஐந்து விரல் போல் அடிமரம் பிரிந்த ஒரு பெரிய கற்பூர மரம் உண்டு. இப்போது விரல்கள் நான்குதான். ஐந்தாவதை ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது வெட்டினார்கள் என்பது ஊர் வழக்கு.

காட்டுக்குள் போனால் அது வெறும் மரத்தோப்பு அல்ல என்பது புரியும். ஊரை ஒட்டிய விளிம்பில் மூங்கில், லிச்சி, லோங்கான் என்று நட்டு வளர்த்த பயன்மரங்கள். உள்ளே போகப் போகக் கற்பூரமும் பிற இயல்மரங்களும், அவற்றில் பற்றி ஏறும் தடித்த கொடிகளும். சீன அகில் மரமும் இக்காடுகளின் குடிமகன். ஹாங்காங் என்ற பெயரில் உள்ள நறுமணமே இந்த அகில் வணிகத்தால் வந்தது என்ற கருத்தும் உண்டு. விறகுக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்ட காலங்களில், குறிப்பாக 1941 முதல் 1945 வரையான போர்க்காலத்தில், சுற்றுப்புறம் எல்லாம் புல்லும் புதருமாக ஆனபோது இந்தப் பிறைத் துண்டுகள் தப்பின. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசின் வேளாண்மை, மீன்வள, வனப்பாதுகாப்புத் துறை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட காடுகளை ஆராய்ந்து சுமார் 600 தாவர இனங்களைப் பதிவு செய்தது. தாழ்நில மழைக்காடு ஹாங்காங்கில் எப்படி இருந்திருக்கும் என்று அறிய இன்று தாவரவியலாளர்கள் இங்கேதான் வருகிறார்கள். அகிலைத் திருட வருபவர்களும் இங்கேதான் வருகிறார்கள்.

பின்காடு என்ன செய்கிறது என்று கேட்டால் பதில் எளிது. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் ஊர் ஹாங்காங். அதன் மலைச்சரிவுகளில் பல உதிர்ந்த கருங்கல் மண்ணாலானவை, நனைந்தால் வழுக்கி இறங்குபவை. சரிவில் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன, உருண்டு வரும் பாறையை அடிமரங்கள் தடுக்கின்றன, ஊறிய நீர் மழையில்லாத மாதங்களிலும் ஓடையாகக் கசிகிறது. குளிர்கால வடகாற்றைக் காடு மறிக்கிறது. முன்னுள்ள திறந்த வெளியில் கோடையின் தெற்குக் காற்று தடையின்றி நுழைகிறது. பல ஊர்களில் வீட்டு வரிசைக்கு முன்னே அரைநிலா வடிவில் ஒரு குளமும் உண்டு. மழைநீரைப் பிடிக்கவும், மீன் வளர்க்கவும், தீப்பிடித்தால் அள்ளி ஊற்றவும் அது பயன்பட்டது.

இதைப் படித்துவிட்டு, முன்னோர்கள் அன்றே சூழலியல் அறிந்திருந்தார்கள் என்று துள்ளுவது ஆபத்து. நாம் பார்ப்பவை பிழைத்த ஊர்களை மட்டும். மோசமான இடத்தில் அமைந்து சரிவில் புதைந்த ஊரும், காய்ச்சலில் காலியான ஊரும் தங்கள் ஃபெங் சுயி பற்றிச் சாட்சி சொல்ல எஞ்சியிருக்கவில்லை. லாய் சீ வோவின் செழிப்புக்குக் காரணம் டிராகனா, வளமான வயலும் அருகிலிருந்த கடலுமா என்று பிரித்து அறிய வழியும் இல்லை. நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று. காட்டிலிருந்து ஒரு கிளையை ஒடித்தால் அது தனியொருவர் விறகுப் பிரச்சினையாக நிற்காது. ஊரின் பாக்கியத்தையே ஒடித்த குற்றமாகிவிடும். காட்டிலாகா இல்லாத காலத்தில் காட்டைக் காத்தது இந்தக் கூட்டுக் கண்காணிப்புதான். நம் ஊர்க் கோயில்காடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

அந்நியர்களுக்கு இது விளங்கவில்லை, அல்லது விளங்காத மாதிரி இருந்தார்கள். ஹாங்காங்கில் வாழ்ந்த ஜெர்மானிய மதபோதகர் எர்னஸ்ட் ஜான் ஐட்டல் 1873இல் ஃபெங் சுயி பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். கேலியும் வியப்பும் சரிபாதியாகக் கலந்த நூல். ஹாப்பி வேலி பள்ளத்தாக்குக்கு அரசு மலையைக் குடைந்து சாலை வெட்டியபோது, டிராகனின் உறுப்பு அறுபட்டது என்று சீன மக்கள் பதறியதை அதில் எழுதியிருக்கிறார். அந்தப் பள்ளத்தாக்கில் வீடு கட்டிக் குடியேறிய ஐரோப்பியர்கள் காய்ச்சலில் மாண்டார்கள். கொசுவே மலேரியாவைக் கடத்துகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாதில் கண்டறிந்தது 1897இல். அதுவரை, கிளறிய மண்ணிலிருந்து எழும் கெட்ட ஆவியே காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பிய மருத்துவர்களுக்கும், அறுபட்ட டிராகன் என்று நம்பிய கிராமத்தாருக்கும் இடையே அறிவியல் தொலைவு அதிகமில்லை.

பிங் ஷான் ஊரின் கதை இன்னும் நீளமானது. அங்கே தாங் குலத்தார் பல நூறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். வடக்கிலிருந்து வரும் தீமையைத் தடுக்கவும், வெள்ளத்தை அடக்கவும், பிள்ளைகள் அரசுத் தேர்வில் தேறவும் வேண்டி 600 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் ஒரு கோபுரம் கட்டினார்கள். ஏழு நிலைகளில் நான்கைப் புயல்கள் கொண்டுபோயின, மூன்று நிற்கின்றன. 1899ஐ ஒட்டி, ஊருக்கு மேலேயுள்ள குன்றில் பிரிட்டிஷார் காவல் நிலையம் கட்டினார்கள். குன்று நண்டு வடிவம். அதன் முதுகில் பாறாங்கல்லை ஏற்றிவைத்து நசுக்குகிறார்கள் என்பது ஊராரின் விளக்கம். கண்காணிக்கும் கட்டடம் எப்போதும் தலைக்கு மேலே நிற்பதை இதைவிடக் கச்சிதமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. 1993இல் அரசு அங்கே பாரம்பரியப் பாதை ஒன்றைத் திறந்தது. சில ஆண்டுகளுக்குள், குப்பைக் கிடங்குக்காக முன்னோர் கல்லறையை அகற்றும் திட்டம் வந்தபோது குலத்தார் தங்கள் மண்டபங்களைப் பார்வையாளருக்கு மூடிவிட்டார்கள். காவல் நிலையம் 2007இல் தாங் குலத்தின் வரலாற்றுக் காட்சிக்கூடமானது.

மானுடவியலாளர் மாரிஸ் ஃப்ரீட்மன் 1960களில் நியூ டெரிட்டரீஸ் கிராமங்களை ஆராய்ந்தபோது இன்னொரு பக்கத்தைப் பார்த்தார். ஃபெங் சுயி ஊரை ஒன்றாக்குவதைப்போலவே பங்காளிகளைப் பிரிக்கவும் செய்தது. நல்லிடம் அளவானது, ஒருவர் பிடித்தால் மற்றவர் இழந்தார். வரிசையில் ஒருவர் மட்டும் வீட்டை உயர்த்தினால் அண்டை வீட்டாரின் பாக்கியத்தை அபகரித்தார் என்ற வழக்கு எழும். கிராம வீடுகள் ஒரே உயரத்தில் நிற்பதற்கு இந்த அச்சமும் காரணம். கட்டட உயர விதி என்று நகராட்சிச் சட்டம் பின்னாளில் எழுதியதை அங்கே பொறாமையும் டிராகனும் சேர்ந்து அமலாக்கின.

காலனி அரசு பாடம் கற்றுக்கொண்டது. சாலை, அணை, மின்கம்பம் என்று பொதுப்பணி எதுவும் ஊரின் ஃபெங் சுயியைக் குலைப்பதாகக் கிராமத்தார் முறையிட்டால், பரிகாரச் சடங்குக்கு அரசே பணம் கொடுக்கும் ஏற்பாடு உருவானது. ‘துன் ஃபூ’ என்று அதற்குப் பெயர். வேலை தொடங்குமுன் தாவோ பூசாரி மந்திரமும் சின்னங்களும் பொறித்த பொருள்களை நட்டு வேண்டுதல் செய்வார். இன்றைய ஹாங்காங் அரசிலும் இந்த ஈட்டுத்தொகை உண்டு. இதை வைத்துக் காசு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்ற முணுமுணுப்பு நகரவாசிகளிடம் கேட்கும், அதில் உண்மையும் இருக்கக்கூடும். 1972இல் வந்த சிறுவீட்டுக் கொள்கை, பூர்வ கிராமத்து ஆண் ஒவ்வொருவருக்கும் மாடிக்கு 700 சதுர அடி வீதம் மூன்றடுக்கு வீடு கட்டும் உரிமை தந்தது. டிராகனின் பெயரால் அரசுச் சாலையை மறித்தவர்களே, அந்த உரிமையைக் கட்டுமானக்காரருக்கு விற்கும்போது குளத்தைத் தூர்ப்பதைக் கண்டுகொள்ளாத ஊர்களும் உண்டு. மரபு புனிதமானது என்று பேசும்போது இதையும் சேர்த்தே பேசவேண்டும்.

நகரத்துக்கு வருவோம். பத்திரிகைகளுக்குப் பிடித்தது சென்ட்ரல் பகுதியின் வங்கிச் சண்டை. ஐ. எம். பெய் வடிவமைத்த சீன வங்கிக் கோபுரம் கத்தி முனைபோல் விளிம்புகள் கொண்டது. 1988 ஆகஸ்ட் 8ஆம் தேதி, அதாவது எட்டுகள் வரிசை கட்டிய நாளில், அதன் உச்சிக் கட்டுமானம் நிறைவு கண்டது. அதன் விளிம்புகளில் ஒன்று ஆளுநர் மாளிகையைக் குறிவைக்கிறது என்றும், 1986 டிசம்பரில் ஆளுநர் எட்வர்ட் யூட் பெய்ஜிங்கில் மாரடைப்பால் இறந்தது அதனால்தான் என்றும் இன்றுவரை சுற்றுலா வழிகாட்டிகள் சொல்கிறார்கள். தேதியைப் பார்த்தாலே கதை தடுமாறும்: அவர் இறந்தபோது கோபுரம் முழு உயரத்துக்கு எழும்பியிருக்கவில்லை. கத்தியை மறைக்க மாளிகைத் தோட்டத்தில் வில்லோ மரங்கள் நட்டார்கள் என்பார்கள். 2006இல் அங்கே குடிபுகுந்த ஆட்சித் தலைவர் டொனால்ட் சாங் மீன்குளம் அமைத்தார். எதிரே எச்எஸ்பிசி வங்கியின் கூரையிலுள்ள பராமரிப்புக் கிரேன்கள் பீரங்கிகளாகச் சீன வங்கியை நோக்குகின்றனவாம். இரண்டு வங்கிகளும் நன்றாகவே கொழுத்திருக்கின்றன.

இந்தக் கதைகளைவிட எச்எஸ்பிசி கட்டடத்தின் தரைத்தளம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நார்மன் ஃபோஸ்டர் வடிவமைத்து 1985இல் முடிந்த இக்கட்டடம் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்தப்பட்டது. கீழே யாரும் குறுக்கே நடந்து போகலாம். நகரும் படிக்கட்டுகள் கோணலாகச் சாய்ந்து மேலே போகின்றன. அந்தக் கோணத்தை ஃபெங் சுயி ஆலோசகர் தீர்மானித்தார் என்பது பரவலாக அறியப்பட்டது. முன்னே துறைமுகம் வரை திறந்த சதுக்கம், அதுதான் இதற்கு முன்வெளி. ஞாயிற்றுக்கிழமைகளில் பிலிப்பைன்ஸ் வீட்டுப் பணிப்பெண்கள் அட்டை விரித்து, சாப்பாட்டுடன், இந்த நிழலில் கூட்டம் கூட்டமாக அமர்ந்திருப்பார்கள். நிழலும் கடற்காற்றும் இலவசமாகக் கிடைக்கும் சில இடங்களில் ஒன்று அது. வங்கியின் செல்வத்துக்காகத் திறந்து வைத்த வெளியில் வேறு யாரோ மூச்சுவிடுகிறார்கள்.

சாதாரணக் குடும்பத்தின் நிலை என்ன? 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹாங்காங்கில் ஒரு குடும்பத்தின் வீட்டுப் பரப்பின் இடைநிலை அளவு 40 சதுர மீட்டர், நம் கணக்கில் 430 சதுர அடி. பிரித்துத் தடுத்த அறைகளில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கிறார்கள். இங்கே ஃபெங் சுயியின் முதல் கேள்வியே சிக்கலாகிறது: வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது? கிராம வீட்டுக்கு ஒரு வாசல். அடுக்குமாடியில் வளாகத்தின் நுழைவாயில் ஒரு திசை, மின்தூக்கி தாண்டித் தாழ்வாரத்தில் திறக்கும் வீட்டுக் கதவு ஒரு திசை, வெளிச்சம் வரும் ஜன்னல் மூன்றாவது திசை. வெளிச்சமே முகம் என்பார் ஒரு வல்லுநர், கதவே முகம் என்பார் அடுத்தவர், முழுக் கட்டடத்துக்கும் ஒரே முகம்தான் என்பார் மூன்றாமவர். சுவரிலுள்ள இரும்புக் கம்பிகளுக்கும் மின்தூக்கிக்கும் அருகே திசைகாட்டி முள்ளும் தன் பங்குக்கு அலையும். பிறந்த ஆண்டை வைத்து ஆட்களைக் கிழக்குக் குழு, மேற்குக் குழு என்று பிரிக்கும் முறை ஒன்றும் உண்டு. கணவர் கிழக்கு, மனைவி மேற்கு என்றால் அந்த 430 சதுர அடியில் ஒரே கட்டிலை எந்தப் பக்கம் திருப்புவது?

வீட்டுக்குள் பார்க்கும் விதிகளில் சில இயல்பான அறிவுக்கு ஒத்தவை. படுத்திருப்பவர் கதவைப் பார்க்கும்படியும் கதவுக்கு நேராக இல்லாமலும் கட்டில் இருக்கட்டும். தலைக்குமேல் உத்தரம் வேண்டாம். அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் முட்டிக்கொள்ள வேண்டாம். வேறு சிலவற்றுக்கு எந்தச் சமாதானமும் நிற்காது. வாசல், நடுக்கதவு, பின்கதவு மூன்றும் நேர்க்கோட்டில் இருந்தால் உயிர்விசை நுழைந்த வேகத்தில் வெளியேறிவிடும், வீட்டில் காசு தங்காது என்கிறது ஃபெங் சுயி. செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை பார்வை தடையின்றி ஓடும். அதைக் கட்டியவர்களிடம் காசு தங்கவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெப்பநாடு, குளிர்நாடு என்று காரணம் தேடவும் வழியில்லை, தென்சீனமும் புழுக்கத்துக்குப் பேர்போனதுதான்.

எதிர்வீட்டு மூலையோ ஏசிப் பெட்டியோ தன் ஜன்னலைக் குத்துவதாக நினைப்பவர் எண்கோணச் சட்டத்தில் பதித்த சிறு கண்ணாடியை வெளியே மாட்டுகிறார். கேடு எதிரே திரும்பிப் போய்விடும். எதிர்வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா, அவரும் ஒன்று மாட்டுகிறார். கிராமத்தில் இதே உணர்வு கட்டட உயரத்தைக் கட்டுப்படுத்தியது. இங்கே அது 20 அடி சந்துக்கு இருபுறமும் தொங்கும் இரண்டு கண்ணாடிகளாகச் சுருங்கிவிட்டது. எதிரே கட்டடத்தை இவ்வளவு நெருக்கமாகக் கட்டியவர் யார், அனுமதித்தவர் யார் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

நம் ஊருக்கு வந்து சேர்ந்தது இந்தச் சுருங்கிய வடிவம்தான். மலையையும் ஆற்றையும் திசைகாட்டியையும் விட்டுவிட்டு, வீட்டு வாசலை மட்டும் அடையாளமாகக் கொண்டு செல்வ மூலை, உறவு மூலை என்று பிரிக்கும் எளிய முறையை அமெரிக்காவில் பரப்பியவர் லின் யுன். அந்த எளிமை உலகெங்கும் கடைச்சரக்கானது. சென்னைக் கடைகளில் விற்கும் சிரிக்கும் புத்தர் உண்மையில் புடாய் என்ற துறவி, பழைய ஃபெங் சுயி நூல்களுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. ‘லக்கி பாம்பூ’ மூங்கிலே அல்ல, ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட டிரசினா செடி. ‘வாஸ்து மீன்’ என்று ஆயிரக்கணக்கில் விலைபோகும் ஃப்ளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் உருவாக்கிய கலப்பினம். வாஸ்துவிலும் இல்லை, ஃபெங் சுயியிலும் இல்லை.

ஹாங்காங்கின் தெருக்களுக்குத் திரும்பினால், அங்கே நடந்தது உள்ளபடியே காற்றைப் பற்றிய சண்டை. கை டக் விமான நிலையம் 1998இல் மூடப்பட்டதும் கவ்லூன் பகுதியில் விமானப் பாதைக்காக இருந்த உயரத் தடை விலகியது. மேற்குக் கடலோரத்தில் கடலைத் தூர்த்த நிலத்தில், ரயில் நிலையங்களின் தலைமேல், ஐம்பது அறுபது மாடிக் கோபுரங்கள் பக்கத்தில் பக்கத்தில் முளைத்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் கடல் தெரிந்தால்தான் விலை கிடைக்கும். அதனால் எல்லாக் கோபுரங்களும் கடலோரமாக ஒரே வரிசை கட்டின. பின்னால் இருந்த தை கோக் சுய், மோங் கோக் போன்ற பழைய பகுதிகளுக்குக் காற்று நின்றது. மக்கள் அவற்றுக்குத் ‘திரைக் கட்டடங்கள்’ என்று பெயர் வைத்தார்கள். தீவின் தென்கரையில், ரிபல்ஸ் பேயில், 1980களின் இறுதியில் எழுந்த பணக்காரக் குடியிருப்பொன்றின் நடுவே பல மாடி அளவுக்கு ஒரு சதுரத் துளை இருக்கிறது. மலையிலிருந்து டிராகன் கடலுக்கு இறங்க வழி என்று அதற்கு எல்லோரும் கதை சொல்வார்கள். தை கோக் சுயின் டிராகனுக்கு அப்படி யாரும் துளை விடவில்லை. துளை விட்ட இடத்தில் வீடு விற்கமுடியாது.

2003இல் சார்ஸ் வந்தது. ஹாங்காங்கில் 1,755 பேருக்குத் தொற்றி 299 பேரைக் கொன்ற அந்த நோய், அமோய் கார்டன்ஸ் என்ற ஒரே குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. எப்படிப் பரவியது என்று ஆராய்ந்தபோது கண்டது இது: குளியலறைத் தரையிலிருக்கும் கழிவுக் குழாய் வளைவுகளில் நீர் வற்றிப்போயிருந்தது. குளியலறை விசிறியைப் போட்டதும், கழிவுக் குழாயிலிருந்த நோய்த்துளிகள் வீட்டுக்குள் உறிஞ்சப்பட்டன. அங்கிருந்து, இரண்டு வீடுகளுக்கு இடையே வெளிச்சத்துக்காக விட்ட குறுகிய கிணறு போன்ற சந்து வழியே அவை மேலே ஏறி மற்ற மாடிகளின் ஜன்னல்களுக்குள் நுழைந்தன. வற்றிய நீரும் தவறான வழியில் ஓடிய காற்றும் சேர்ந்து செய்த வேலை. ஃபெங் சுயிக்காரர் இதில் தம் கொள்கைக்குச் சான்று தேடலாம். ஆனால் வளைவில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றச் சொன்னவர்கள் பொது சுகாதாரப் பொறியாளர்கள்.

அந்தப் பீதியில்தான் நகரின் காற்றோட்டம் முதன்முறையாக அரசுக் கோப்பில் ஏறியது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பேராசிரியர் எட்வர்ட் இங் முன்னின்று நடத்திய ஆய்வுகளின் பயனாக, 2006இல் காற்றோட்ட மதிப்பீட்டுக்கான சுற்றறிக்கை வெளியானது. ஒரு திட்டம் கட்டி எழுந்தபின் தெருவில் நடப்பவருக்குக் காற்று எவ்வளவு மிஞ்சும் என்பதைக் காற்றுச் சுரங்க மாதிரியிலோ கணினியிலோ முன்கூட்டியே அளந்து காட்டவேண்டும். 2011இலிருந்து, கூடுதல் தளப்பரப்புச் சலுகை வேண்டும் கட்டடங்கள் தங்களுக்கிடையே இடைவெளி விட்டாக வேண்டும் என்ற வழிகாட்டுதலும் சேர்ந்தது. 2012இல் முடிந்த நகரத் தட்பவெப்ப வரைபடம், எந்தத் தெரு காற்றுப்பாதை, எந்த மலைச்சரிவிலிருந்து இரவில் குளிர்காற்று இறங்குகிறது என்று குறித்துக் காட்டுகிறது. மலைச்சரிவும் கடல்முகமும் திறந்த வெளியும் அதில் மீண்டும் முக்கிய இடத்துக்கு வந்திருக்கின்றன.

பழைய ஞானத்தை அறிவியல் உறுதிப்படுத்திவிட்டது என்று இதற்குத் தலைப்புப் போட ஆசை வரும். அது சரியாகாது. காற்றைத் தடுத்து உயிர்விசையைப் பிடித்து வைப்பது பழைய கலையின் கவலை, காற்றை ஓடவிடுவது இன்றைய நகரத்தின் தேவை. பாகை பாகையாகக் கணக்கிடும் திசைப்பலனுக்கும் காற்றுச் சுரங்கத்தின் அளவீட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. என் மனையில் நான் கட்டுகிறேன், உனக்கென்ன என்று கேட்பவரிடம், உன் கட்டடத்தின் பின்னால் நான் இருக்கிறேன் என்று சொல்ல இரண்டும் இடம் தருகின்றன. தை போ குன்றுக்குப் போன ஊரார் சொன்னதும், நகரத் திட்ட வாரியத்துக்கு மனு எழுதும் தை கோக் சுய் குடியிருப்பாளர் சொல்வதும் ஒரே வகையான வழக்கு.

வழக்கு ஒன்றானாலும் பலம் ஒன்றல்ல. காற்றோட்ட மதிப்பீடு பெரிய அரசுத் திட்டங்களுக்குத்தான் கட்டாயம். தனியார் கட்டுமான நிறுவனங்களை ஊக்குவிக்கிறோம் என்கிறது சுற்றறிக்கை. முன்பே எழுந்துவிட்ட திரைகளை எந்த மதிப்பீடும் கீழிறக்காது. நியூ டெரிட்டரீஸ் கிராமத்தாருக்குக் குலமும், ஊர் மன்றமும், மாவட்ட அலுவலகத்தில் துன் ஃபூவுக்கு விண்ணப்பிக்கும் வழியும் இருக்கின்றன. கோபுர வரிசைக்குப் பின்னால், தடுத்த அறையில், வெளிச்சக் கிணற்றைப் பார்த்த ஒற்றை ஜன்னலோடு வாடகைக்கு இருப்பவர் தன் காற்று குறைந்ததற்கு ஈடு கேட்டு விண்ணப்பிக்க அப்படி ஓர் ஏற்பாடும் கிடையாது.